நீலகிரிக்கு மனநல மருத்துவரை அழைத்து வருவது எப்படி: விளம்பரம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலைகள்

மலை மாவட்டத்தில் மனநல மருத்துவர் இடம் காலியானால் வழக்கமாக நடப்பது இதுதான். நேர்காணல் தேதி, கல்வித் தகுதி, தொகுப்பூதியம், அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும் என்று நாலு வரியில் அறிவிப்பு வரும். நேர்காணல் நாளில் யாரும் வரமாட்டார்கள். வந்து சேர்ந்தவரும் இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் கோவைக்கு இறங்கிவிடுவார். சம்பளத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மருந்தில்லாத மருந்தகம், மொழி புரியாத ஓ.பி. (புறநோயாளிப் பிரிவு), வாரம் ஐந்து நாள் ஜீப் பயணம், ஆலோசனை கேட்க ஒரு சக மருத்துவர்கூட இல்லாத தனிமை, இவற்றை விட்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம். ஆகவே வேலையைத்தான் முதலில் சீர்செய்ய வேண்டும், விளம்பரத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். இந்த வழிகாட்டி மாவட்ட மனநலத் திட்டத்தை நடத்துபவர்கள், மருத்துவமனைக் கண்காணிப்பாளர்கள், இணை இயக்குநர் அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவர்கள், மலையில் மருத்துவமனை நடத்தும் தொண்டு நிறுவனத்தார் ஆகியோருக்கானது.

எந்த இடத்துக்கு ஆள் தேடுகிறீர்கள்?

மனநல மருத்துவர் அரசுப் பணிக்கு வரும் வாசல்கள் பல. ஒவ்வொன்றிலும் உங்கள் கை எவ்வளவு தூரம் நீளும் என்பது வேறு வேறு.

நிரந்தரப் பணி மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வருகிறது. உதவி மருத்துவருக்கு ஊதிய நிலை 22, தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். ஆளைத் தேர்ந்தெடுப்பது உங்கள் கையில் இல்லை. ஆனால் காலிப்பணியிடப் பட்டியலை மேலே அனுப்புவது உங்கள் கையில் இருக்கிறது. ‘உதவி மருத்துவர் – 1’ என்று பொதுவாக எழுதி அனுப்பினால் அந்த இடத்தை ஒரு பொது மருத்துவர் எடுத்துக்கொள்வார். ‘மனநலம்’ என்று துறையைக் குறிப்பிட்டு, பணியிடம் தேர்வு செய்யும் கலந்தாய்வுக்கு முன்பே பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கலந்தாய்வுத் திரையில் தெரியாத இடத்தை யாரும் தேர்வு செய்ய முடியாது. மலைக்கு வர மனமுள்ளவர் இருந்தும் இந்த ஒரு பிழையால் இடம் காலியாகவே கிடக்கும்.

ஒப்பந்தப் பணி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்ட நலவாழ்வு சங்கம் வழியாக வருகிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் இடங்கள் பெரும்பாலும் இந்த வகை. நியமனம் விரைவாக முடியும், ஆனால் பணிப் பாதுகாப்பு குறைவு. மூன்றாவது வாசல் உதகை அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறை. கல்லூரி வந்தபின் மாவட்டத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய வாய்ப்பு இது. ஆசிரியர் பணிக்கு வருகிறவருக்குச் சக மருத்துவர்கள் இருப்பார்கள், மாணவர்கள் இருப்பார்கள், படிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். மாவட்டத் திட்ட மருத்துவரைக் கல்லூரித் துறையோடு சேர்த்துக் கட்டாமல் தனித் தீவாக வைத்திருப்பது பெரிய தவறு.

அதிகம் பேர் கவனிக்காத நான்காவது வாசல் ஒன்றும் உண்டு. முதுநிலை மருத்துவ மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனை அமைப்பில் பணியாற்றியாக வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. இந்த மாவட்ட உறைவிடப் பயிற்சிக்கு மனநலப் பி.ஜி. ஒருவரைக் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதம் கூடலூர் ஓ.பி.யில் உட்கார்ந்தவருக்கு இந்த வேலை என்னவென்று தெரியும். நூறு விளம்பரம் செய்யாததை அந்த மூன்று மாதம் செய்யும், நன்றாக நடத்தினால். விடுதி அறை கொடுக்காமல், ‘கேஷுவால்டி பாருங்கள்’ என்று தள்ளிவிட்டால் அதே மூன்று மாதம் உங்களுக்கு எதிரான விளம்பரமாகிவிடும்.

ஐந்தாவது, நீண்ட வழி. ஏற்கெனவே மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களில் மனநலத்தில் நாட்டமுள்ளவரைக் கண்டுபிடியுங்கள். பணியிலிருப்போருக்கான முதுநிலை ஒதுக்கீட்டில் அவர் எம்.டி. படிக்க மூன்று ஆண்டு ஆகும். படித்துத் திரும்புகிறவருக்கு மலை புதிதல்ல, மனிதர்கள் புதிதல்ல. இன்றே தொடங்கினாலும் பலன் கிடைக்க நாலைந்து ஆண்டு ஆகும் என்பதால் யாரும் தொடங்குவதில்லை.

வாரத்தை முதலில் வரையுங்கள்

உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு வட்டங்கள். 2011 கணக்கெடுப்பில் 7,35,394 பேர். ‘மாவட்டம் முழுவதும் முகாம் செல்ல வேண்டும்’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் வருகிறவர் தன் வாழ்க்கையை வண்டியில் கழிக்கப் போகிறோம் என்றுதான் புரிந்துகொள்வார்.

சரியான அட்டவணை இப்படி இருக்கலாம். திங்கள், செவ்வாய், சனி மூன்று நாளும் உதகை. புதன் குன்னூர். வியாழன் கூடலூர். வெள்ளி ஒரு வாரம் பந்தலூர், மறு வாரம் கோத்தகிரி. குந்தா வட்டத்துக்கு மஞ்சூரில் மாதம் ஒரு நாள், ஏதாவது ஒரு செவ்வாய்க்குப் பதிலாக. உதகையிலிருந்து கூடலூர் சுமார் 50 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவட்டம் வழியாக இறங்க ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். பந்தலூர் அதற்கும் அப்பால். பந்தலூர் வாரத்தில் வியாழன் இரவு மருத்துவர் கூடலூரிலேயே தங்கும்படி அறை ஏற்பாடு செய்யுங்கள். ஒரே நாளில் போய்த் திரும்பச் சொன்னால் மாலை மூன்றுக்கே ஓ.பி.யை மூட வேண்டிவரும். இருட்டியபின் அந்தச் சாலைகளில் யானை நடமாட்டம் உண்டு. பயந்துகொண்டே வண்டியில் போகிற மருத்துவர் நீண்ட நாள் இருக்கமாட்டார்.

எத்தனை நோயாளிகள் என்பதையும் கணக்கிட்டு எழுதுங்கள். புதிய நோயாளிக்கு 30 நிமிடம், தொடர் சிகிச்சைக்கு வருபவருக்கு 8 நிமிடம் என்று வைத்தால், 5 புதியவர்களும் 20 பழையவர்களும் சேர்ந்து 310 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு மருத்துவர் ஒரு நாளில் ஒழுங்காகப் பார்க்கக்கூடிய அளவு அவ்வளவுதான். அதைத் தாண்டினால் சமூகப் பணியாளர் முன்கூட்டியே விவரம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். அப்படிச் செய்தால் புதியவருக்கான நேரம் 20 நிமிடமாகக் குறையும். கூட்டம் அதிகமென்று நேரத்தை வெட்டினால் நடப்பது வேறு: எல்லோருக்கும் அதே மாத்திரை, அதே அளவு, ‘அடுத்த மாதம் வாங்க’. நல்ல மருத்துவர்கள் இதைத்தான் முதலில் வெறுக்கிறார்கள்.

கொடைக்கானலுக்கு இதே அட்டவணை பொருந்தாது. அது திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு வட்டம். அங்கே நிரந்தரமாக ஒருவரை உட்கார வைப்பதைவிட மாதத்தில் நிச்சயமான இரண்டு நாள், மாறாத கிழமை, தங்க அறை, மேல்மலைக் கிராமங்களுக்கு ஒரு சமூகப் பணியாளர் என்று கேட்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

மருத்துவருக்கு முன்பு அணி

மாவட்டத் திட்டத்தில் மனநல மருத்துவரோடு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநல சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர், சமுதாயச் செவிலியர், பதிவேட்டுப் பணியாளர் என்று இடங்கள் உண்டு. இவர்களை உள்ளூரிலேயே எடுக்க முடியும், அதை மருத்துவர் வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். படுக மொழி பேசும் ஒருவர், பந்தலூர் பக்கத்துக்கு மலையாளமும் பணியர் பழங்குடியினரின் பேச்சும் தெரிந்த ஒருவர் அணியில் இல்லாவிட்டால் மருத்துவர் முகத்தை மட்டும் பார்த்து மருந்து எழுத நேரும். தோட்டக் குடியிருப்புகளில் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களின் வழிவந்தோர் இருக்கிறார்கள். அவர்களுடைய தமிழ் வேறு, துயரங்களும் வேறு. பழங்குடி மக்களிடையே வேலை செய்ய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்களில் பழகிய சுகாதாரப் பணியாளர்களோடு உறவு வைத்துக்கொள்வது பெரிய பலம். மொழிபெயர்க்க நோயாளியின் உறவினரை நம்பாதீர்கள். மனைவியின் மன அழுத்தத்தைக் கணவர் மொழிபெயர்த்தால் அதில் கணவர் இருக்கமாட்டார்.

மருந்தகம்

வந்து பார்க்கும் மனநல மருத்துவர் முதலில் கேட்பது வீட்டைப் பற்றியல்ல, மருந்தைப் பற்றி. ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், ஹாலோபெரிடால், ட்ரைஹெக்சிஃபெனிடில், லித்தியம், வால்ப்ரோயேட், ஃப்ளூவாக்சடின் அல்லது எஸ்சிடாலோப்ராம், லோரசெபாம், நீண்ட நாள் வேலை செய்யும் ஃப்ளூஃபெனசின் ஊசி, குடி நிறுத்தத்துக்குத் தயமின் ஊசி ஆகியவற்றின் கடந்த பன்னிரண்டு மாத இருப்பை ஒரு தாளில் எழுதிவைத்திருங்கள். எந்த மாதம் எது தீர்ந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். கூடலூர், பந்தலூர் மருந்தகங்களில் மே மாதக் கடைசிக்குள் மூன்று மாத இருப்பு இருக்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையில் அந்தப் பக்கச் சாலைகள் அடைபடும். குன்னூர் மலைப்பாதையில் மண் சரிவது அக்டோபர், நவம்பரில். அதற்கும் அதே ஏற்பாடு வேண்டும்.

லித்தியம் கொடுப்பதென்றால் இரத்த அளவு பார்க்க வழி இருக்க வேண்டும். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும், சிறுநீரகமும் தைராய்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும். க்ளோசபின் தொடங்கினால் முதல் 18 வாரம் வாரம் ஒரு முறை வெள்ளையணு எண்ணிக்கை. உங்கள் ஆய்வகத்தில் எது முடியும், எது கோவைக்கு அனுப்ப வேண்டும், முடிவு வர எத்தனை நாள் என்பதை நேர்காணலுக்கு முன்பே தெரிந்து வைத்திருங்கள். ‘பார்த்துக்கலாம் சார்’ என்ற பதில் இந்தத் துறையில் செல்லாது.

ஒரு பக்கப் பணிக்குறிப்பு

ஒரே பக்கத்தில் வாராந்திர அட்டவணை, அணியில் யார் யார், வண்டி யாருடைய பொறுப்பில், விடுப்பில் போனால் யார் பார்ப்பார், சம்பளம் மொத்தம் எவ்வளவு கைக்கு வரும் என்பதை எழுதுங்கள். நிரந்தரப் பணியானால் மலைப்படி, குளிர்காலப்படி, வீட்டு வாடகைப்படி ஆகியவற்றையும் தனித்தனியே காட்டுங்கள்.

அதே பக்கத்தில் இந்த மருத்துவர் எதைச் செய்யமாட்டார் என்பதும் இருக்க வேண்டும். பொது கேஷுவால்டி இரவுப் பணி, பிரேதப் பரிசோதனை, முக்கியப் பிரமுகர் வருகையின் வாகன அணிவகுப்புப் பணி ஆகிய மூன்றும்தான் மனநல மருத்துவர்களை அரசுப் பணியிலிருந்து விரட்டுபவை. சீசனில் உதகைக்குப் பிரமுகர் வராத வாரமில்லை. முழு விலக்கு தர உங்களுக்கு அதிகாரம் இல்லையென்றால், மாதத்துக்கு இத்தனை முறைக்கு மேல் கிடையாது, முகாம் நாளில் கிடையாது என்றாவது கண்காணிப்பாளரின் கையெழுத்தோடு எழுதுங்கள். வாய்வார்த்தை அடுத்த கண்காணிப்பாளரோடு போய்விடும்.

சட்டப் பொறுப்பையும் தெளிவாகச் சொல்லுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி அவசரச் சிகிச்சையைப் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை தரலாம். அதனால் கூடலூரில் நள்ளிரவில் வருகிற ஒவ்வொருவருக்கும் உதகையிலிருந்து மனநல மருத்துவரை எழுப்ப வேண்டியதில்லை, பணியில் இருக்கும் மருத்துவருக்குப் பயிற்சி இருந்தால் போதும். ஆனால் ஒருவரை அவர் சம்மதமின்றி, நியமனப் பிரதிநிதியின் (அவர் சார்பில் முடிவெடுக்கச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர்) கோரிக்கையில் சேர்ப்பதற்கு மனநல மருத்துவரின் நேரடிப் பரிசோதனை கட்டாயம். மின் அதிர்வுச் சிகிச்சை தருவதென்றால் மயக்க மருந்து நிபுணர் வேண்டும். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இன்றித் தருவது சட்டவிரோதம். அவசரச் சிகிச்சை என்ற பெயரிலும் அதைத் தர முடியாது. மனநல வார்டு மாநில மனநல ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று வருகிறவர் கேட்பார். சான்றிதழை எடுத்துக் காட்டத் தயாராக இருங்கள்.

வீடு, குடும்பம்

உதகையில் ஆண்டு முழுவதும் வாடகைக்கு வீடு கிடைப்பது கடினம். சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் கணக்கில் விட்டால் அதிகம் வருமென்று சீசனில் காலிசெய்யச் சொல்லும் உரிமையாளர்கள் உண்டு. மருத்துவமனைக் குடியிருப்பில் ஒன்றை முன்கூட்டியே ஒதுக்கி, கீசர், ஈரம் இறங்காத சுவர், ஜன்னல் கதவு இடுக்கு, தண்ணீர் வரும் நேரம் ஆகியவற்றை ஒருவர் நேரில் போய்ப் பார்த்துச் சரிசெய்யட்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊரில் இவை சின்ன விஷயங்களல்ல.

மருத்துவரின் துணைவரும் பெரும்பாலும் மருத்துவராகவே இருப்பார். அவருடைய துறையைக் கேட்டு, மாவட்டத்தில் அந்தத் துறையில் காலியிடம் இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். இருவருக்கும் ஒரே மாவட்டத்தில் வேலை என்றால் உங்கள் வெற்றி பாதி நிச்சயம்.

எங்கே தேடுவது, எப்போது

நாளிதழ் அறிவிப்பு விதிக்காக. ஆள் கிடைப்பது வேறு இடத்தில். கோவை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலத் துறைகள், 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், இவற்றின் துறைத் தலைவர்களிடம் முதுநிலை மாணவர்களின் இறுதித் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே பணிக்குறிப்பைக் கொடுங்கள். தேர்வு முடிந்தபின் போனால் எல்லோரும் எங்கோ சொல்லி வைத்திருப்பார்கள். நீலகிரியில் பிறந்து வெளியே தொழில் செய்யும் மருத்துவர்களிடம் கேளுங்கள். முழுநேரம் வராவிட்டாலும் மாதம் இரு அமர்வு வருவார்கள். அந்த அமர்வுக்கான தொகை அன்றோ அந்த வாரத்துக்குள்ளோ கையில் சேர வேண்டும். மூன்று மாதம் இழுத்தால் நான்காவது மாதம் வரமாட்டார்கள். கேரளத்தில் படித்தவர்கள் பந்தலூருக்கு மிகப் பொருத்தம். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு வேண்டும் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தப் பணிக்கு நிதி ஒதுக்கீடு ஏப்ரலில் புதிதாகத் தொடங்குவதால் முதல் மாதங்களின் ஊதியம் தாமதமாகும் அபாயம் எப்போதும் உண்டு. நீட்டிப்புக் கோப்பைப் பிப்ரவரியிலேயே நகர்த்துங்கள்.

மலையைக் காட்டுங்கள், மழையோடு

விருப்பம் தெரிவித்தவரை இரண்டு நாள் வரவழையுங்கள். மே மாதத்தில் வேண்டாம். பூக்காட்சிக் கூட்டமும் போக்குவரத்து நெரிசலும் ஊரை மறைத்துவிடும். ஜூலையில் வரட்டும். முதல் நாள் உதகை ஓ.பி.யில் ஓரமாக உட்காரட்டும். இரண்டாம் நாள் கூடலூர். மருந்தாளுநரோடும் செவிலியரோடும் அவர் தனியாகப் பேச அரைமணி நேரம் விடுங்கள், அதிகாரிகள் அறையில் இருக்க வேண்டாம். மழையையும் அட்டைப்பூச்சியையும் பார்த்தபின் ‘வருகிறேன்’ என்று சொல்பவர்தான் தங்குவார்.

நேர்காணலில் பாடப்புத்தகக் கேள்வி வேண்டாம். அதற்குத்தான் பட்டம் இருக்கிறது. இப்படிக் கேளுங்கள்: பந்தலூர்த் தோட்டக் குடியிருப்பில் குழந்தை பிறந்து பத்து நாளான பெண் தூங்காமல் பிதற்றுகிறார், குழந்தைக்கு ஆபத்தென்று குடும்பம் பயப்படுகிறது, மரம் விழுந்து சாலை அடைபட்டிருக்கிறது, நீங்கள் உதகையில் இருக்கிறீர்கள். தொலைபேசியில் யாரிடம் என்ன சொல்வீர்கள்? பதிலில் உள்ளூர் செவிலியரும் பணி மருத்துவரும் வருகிறார்களா, ‘உடனே கோவைக்கு அனுப்புங்கள்’ என்று மட்டும் வருகிறதா என்று கவனியுங்கள். முன்பு வேலை செய்த இடத்தில் விசாரிக்கும்போது துறைத் தலைவரோடு நிறுத்தாமல் வார்டு செவிலியரிடமும் கேளுங்கள். முதுநிலைப் பட்டம் மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்க்க மறக்காதீர்கள்.

முதல் மூன்று மாதம்

சேர்ந்த முதல் இரண்டு வாரம் முகாம் வேண்டாம். உதகையிலேயே இருந்து பதிவேட்டைப் படிக்கட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து சமூகப் பணியாளரோடு ஒவ்வொரு வட்டமாகப் போகட்டும். முதல் சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா என்று ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். முதல் மாதமே தாமதமானால் அவர் அன்றே வேறு இடம் விசாரிக்கத் தொடங்கிவிடுவார். கல்லூரித் துறையோடு வாரம் ஒரு மணி நேரம் கடினமான நோயாளிகளைப் பற்றிப் பேசும் நேரம், மாதம் ஒரு நாள் துறைக் கூட்டம், ஆண்டுக்கு ஒரு மாநாட்டுக்கு பணிநிமித்த அனுமதி ஆகிய மூன்றுக்கும் செலவு மிகக் குறைவு. தற்கொலையில் ஒரு நோயாளியை இழக்கும் நாள் எந்த மனநல மருத்துவருக்கும் வரும். அன்று பேச ஒரு மூத்தவர் தொலைபேசியில் இருக்க வேண்டும். விளக்கம் கேட்டு அலுவலகக் குறிப்பு அன்று போகக் கூடாது.

ஆறாவது வாரம், பன்னிரண்டாவது வாரம் இரண்டு முறை உட்கார்ந்து கேளுங்கள்: எது வேலையைத் தடுக்கிறது? சொன்னதில் ஒன்றையாவது அடுத்த சந்திப்புக்குள் சரிசெய்து காட்டுங்கள்.

இடம் காலியாக இருக்கும் மாதங்களில்

மருத்துவர் விலகுவதாகச் சொன்ன அன்றே பதிவேட்டிலிருந்து மூன்று பட்டியல் எடுங்கள்: நீண்ட நாள் ஊசியில் இருப்பவர்கள் அடுத்த ஊசித் தேதியோடு, லித்தியமோ க்ளோசபினோ எடுப்பவர்கள் அடுத்த இரத்தப் பரிசோதனைத் தேதியோடு, கடந்த ஆறு மாதத்தில் தற்கொலைக்கு முயன்றவர்கள். விலகும் மருத்துவர் இந்த மூன்று பட்டியலுக்கும் என்ன தொடர வேண்டும் என்று கையெழுத்திட்டுப் போகட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு செவிலியரின் பெயரை எழுதுங்கள். ஓ.பி. வாசலில் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை) எண்ணைப் பெரிதாக ஒட்டுங்கள். அமர்வு மருத்துவர் வரும் கிழமையையும் அதன் கீழேயே எழுதுங்கள். கூடலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, பூட்டிய அறையைப் பார்த்துத் திரும்பிப் போன நோயாளி அடுத்த மாதம் வருவதில்லை. வராதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்க சமுதாயச் செவிலியருக்கு அந்த மாதங்களிலும் வண்டி கொடுங்கள்.